நிழல் விலை

கிண்டியில் ஒன்பதாவது மாடி.
கண்ணாடிக்கு அப்பால் மெட்ரோ
சத்தமில்லாமல் வளைந்து போகிறது.
நான் நாற்பத்தேழாவது வரிசையில் இருக்கிறேன்,
எக்ஸெல்லில்:
மணலி ஆலைக்குப் புதிய குளிர்கோபுரம்,
முதலீட்டுக் கணக்கு,
தண்ணீர் என்ற வரி.

வாரியம் கேட்பது ஒரு விலை.
அதன் பக்கத்தில் இன்னொன்று வேண்டும் என்றது
இயக்குநர் குழுவின் தீர்மானம்.
யாருக்கும் கொடுக்க வேண்டாத,
எந்த ரசீதிலும் ஏறாத,
முடிவெடுக்கும் நேரத்தில் மட்டும்
இருப்பதாக வைத்துக்கொள்ளும் விலை.
நிழல் விலை என்று பெயர்.
மே மாத மணலியில் நிழலுக்கே விலை உண்டு,
அது வேறு.

ஆலோசகர்கள் மூன்று மாதம் வந்து போனார்கள்.
நல்ல காலணிகள். நூற்றுப்பத்துப் பக்கம்.
உலகத்து நதிகளெல்லாம் இருந்தன அதில்.
ஆலையின் பின்மதிலுக்கு அந்தப் பக்கம் ஓடும்
கொசஸ்தலையைத் தேடினேன், இல்லை.
விலைக்கு எதிரே ஒரே வாக்கியம்:
நிறுவனம் தன் சூழலுக்கேற்ப முடிவுசெய்யலாம்.

அந்தச் சூழல் என் மேசைக்கு வந்து சேர்ந்தது,
திங்கட்கிழமைக்குள் ஓர் எண் வேண்டும் என்ற குறிப்போடு.

மடிப்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தின்
பழைய கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கினேன்.
மழை பொய்த்த வருஷம். ஜூன் மாதப் பக்கம்.
செயலாளர் ஜெபமணியின் சாய்ந்த கையெழுத்தில்
லாரி, தேதி, தொகை,
டிரைவர் எட்டியப்பனின் கையொப்பம்.
வாரத்துக்கு வாரம் தொகை ஏறுகிறது.
பதினெட்டாம் தேதிக்கு எதிரே
'வரவில்லை.'
பத்தொன்பது: 'வரவில்லை.'
இருபது: 'இரவு 2.40. பாதி லாரி.
ஆறாயிரம் லிட்டர், ஆறாயிரம் ரூபாய்.'

அந்த இரவு
என் பெயின்ட் வாளியைக் காலால் தள்ளிவிட்டு
முன்னால் நின்றார் மூன்றாம் மாடிப் பேராசிரியர்.
விடிந்ததும் வந்து மன்னிப்புக் கேட்டார்.
இன்றுவரை லிஃப்டில் என் முகம் பார்ப்பதில்லை.

வகுத்தேன்.
கிலோலிட்டருக்கு ஆயிரம்.

"ஆயிரமா? எந்த ஆய்வும்மா?"
நிதித் தலைவர் தாரகேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றினார்.
"அபார்ட்மென்ட் நோட்டு சார்."
சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்,
வேறென்ன செய்ய.
ஆலைத் தலைவர் குலாம் தஸ்தகீர் மட்டும் சிரிக்கவில்லை.
"அந்த ஜூன்ல நாலு நாள் லைன நிறுத்தினோம்.
நஷ்டத்த லிட்டரால வகுத்துப் பாருங்க.
ஆயிரம் கம்மி."

அப்புறம் பேரம்.
கொத்தவால்சாவடி தோற்றது.
தேநீர் வந்தபோது எழுநூறு,
பிஸ்கட் தீர்ந்தபோது முந்நூறு.

முந்நூறை இட்டேன்.
பழைய வடிவக் கோபுரம் சிவப்பானது.
ஆவியாக நீரை விடாத மற்றொன்று,
பதினோரு கோடி அதிகம் என்று
இரண்டு வருஷமாக ஓரங்கட்டிய அது,
மயிரிழையில் பச்சை.
யாரும் கைதட்டவில்லை. கையெழுத்துப் போட்டார்கள்.

அடுத்த பொருள்:
எண்ணூரில் புதிய கிடங்கு, சதுப்பை ஒட்டி.
நான்கு நிமிடத்தில் ஒப்புதல்.
சதுப்புக்கு எங்களிடம் வரிசை இல்லை.

ஆண்டறிக்கை வந்தது.
அட்டையில் ஒரு மரக்கன்று, யாருடையதோ கை.
உள்ளே, தண்ணீர்மீதான அக்கறை
எங்கள் மரபணுவிலேயே இருப்பதாக.
தாள் வழவழவென்று இருந்தது.

நாற்பத்தெட்டாவது வரிசையைச் செருகி
'சதுப்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன்.
எண் இல்லை. எந்த நோட்டில் தேடுவது
என்றும் தெரியவில்லை.
அடுத்த கூட்டத்துக்குள் யாராவது அழித்துவிடலாம்.

நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது
ஜெபமணி அதே பக்கத்தில் விரல் வைத்தார்.
"இந்தப் பாதி லாரிக்கு
அறுநூறு ரூபா பாக்கி வச்சோம்.
எட்டியப்பன் அப்புறம் இந்தப் பக்கம் வரவேயில்ல.
உங்க ஆபீஸ் கணக்குல
அதக் கழிச்சீங்களா?"