முன்பணம்

செக்காலை ரோட்டுக் கடைக்கு
இரண்டு பேரும் வந்தது ஒரு புதன்கிழமை மத்தியானம்.
சேவுகன் விலை கேட்டார்.
ட்ரோன் உண்டா, ஆல்பம் எத்தனை பக்கம் என்றார்.
தெய்வானை எதுவும் கேட்கவில்லை.
செருப்பைக் கழற்றாமல், உள்ளேயும் வராமல்
வாசல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக்குள் ஒரு மணப்பெண்,
இரண்டடிக்கு மூன்றடி.
குனிந்த தலை, மார்பில் கழுத்துரு,
இமையோரம் விழப்போகும் ஒரு துளி.
அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் படியேறுவார்கள்.
ஏழு வருட வெயிலில்
பட்டின் அரக்கு முதலில் போயிருந்தது,
பிறகு உதட்டுச் சிவப்பு.
இப்போது அவள் முழுக்க லேசான நீலம்.
தினமும் ஷட்டரைத் தூக்குகிறவன் நான்தான்.
கவனித்ததில்லை.

"இது எங்க அக்கா. உண்ணாமலை."
தெரியுமே, பள்ளத்தூர்க் கல்யாணம் என்று சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.
"அந்தக் கல்யாணம் பதினாலு மாசம்.
தீர்ப்பாகி அஞ்சு வருசமாச்சு.
மருந்துக்கடை உங்க எதிர்த்தாப்புல இருக்கு.
அவ பஸ் ஸ்டாண்டு சுத்திப் போயி
வேற கடையில வாங்குறா."

சேவுகன் சட்டைப்பையிலிருந்து கவரை எடுத்தார்.
அவள் அவர் கையை மெல்ல அழுத்தினாள்.
"நாளைக்கு வர்றோம்."

துளி விழுமுன் பிடித்தேன் என்று
வேலை பழகவரும் பையன்களிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.
அது எதற்கான துளி
என்று அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அன்றிரவு படத்தை இறக்கினேன்.
ஆணியோடு கைப்பிடிக் காரையும் பெயர்ந்து வந்தது.
பின்னால் காலியான இரண்டு பல்லி முட்டை.
முடிந்தது என்று நினைத்தால்
முகநூலில் முகப்பிலேயே இருந்தாள்,
காலண்டரில் ஆவணி மாதமாக இருந்தாள்,
விசிட்டிங் கார்டின் முதுகில்
இருநூறு பேராக இருந்தாள்.
கார்டுகளைக் கிழித்து முடிக்க
பால்காரன் மணி கேட்டுவிட்டது.

பள்ளத்தூரில் அதே வீடு, அதே வளவு.
இசைகுடிமானத்தில் கையெழுத்தாகிக்கொண்டிருந்தது.
உண்ணாமலை ஆச்சி எங்கேயும் இருந்தார்:
தட்டு நிறைய வெற்றிலை, இடுப்பில் யாரோ வீட்டுக் குழந்தை,
சமையல்காரரிடம் ஒரு அதட்டல்.
அவர் வந்த பக்கமெல்லாம் என் கேமரா தாழ்ந்தது.
மூன்று நல்ல படம் போச்சு.
நாலாவதாக,
ஹேர்பின்னைப் பல்லால் கடித்து விரித்து
தங்கையின் நெற்றிச்சுட்டியைச் சரிசெய்தார் பாருங்கள்,
அதற்கு மட்டும்
கேமராவைப் பையனிடம் கொடுத்துவிட்டு
கையைக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

திருப்பூட்டு நேரம்.
சொந்தபந்தம் மொத்தமும் போனைத் தூக்கிக்கொண்டு
எனக்கு முன்னால்.
யாரோ பின்னாலிருந்து முழங்கையைத் தட்டினார்கள்.
"அந்தத் தூணுக்கு அங்கிட்டுப் போங்க.
அங்கதான் மேலேருந்து வெளிச்சம் முகத்துல விழும்.
போன தடவை அங்க நின்னுதானே எடுத்தீங்க?"
சொல்லிக்கொண்டே
"செத்த நகருங்க, செத்த நகருங்க" என்று
கூட்டத்தைக் கிழித்து வழி விட்டார்.

போய் நின்றேன்.
வெளிச்சம் அவர் சொன்ன இடத்தில்தான் இருந்தது.
சேவுகனுக்குக் கை நடுங்கி முடிச்சு நழுவ
தெய்வானை "மெதுவா" என்றாள்,
இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.
எடுத்தேன்.
மாட்டினால் ஊரே நிற்கும்.

கண்ணாடி இப்போதும் காலி.
படம் ஒண்ணுமில்லாத ஸ்டுடியோவா
என்று ஒரு மாப்பிள்ளை திரும்பிப் போனதும் உண்டு.

போன வாரம் சாயந்தரத் தூறலில்
எதிர்த்த மருந்துக்கடையில்
குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
ஒருவர் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.
உண்ணாமலை ஆச்சி.
நான் கூப்பிடவில்லை.
குனிந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்,
துடைத்ததையே.