நாடாவுக்கு அடியில்

குக்ஸ்ஹாஃபன். துறைமுகத்துக்குப் பின்னால்
மீன்வாடை முடிகிற இடத்தில் எங்கள் ஆய்வுக்கூடம்.
வெளியே கடல் சும்மா இருக்கிறது.
அதை நம்பிக் காத்திருக்க முடியாதென்று
உள்ளே ஒரு பெட்டியில் நாங்களே கடல் செய்கிறோம்:
நூற்றுக்கு ஐந்து உப்பு, முப்பத்தைந்து டிகிரி,
இரவு பகல் ஓயாத மூடுபனி.

படகு கட்டுகிறவர்கள் அனுப்பிய அலுமினியத் தகடுகள்
பதினெட்டும் சாய்ந்து நிற்கின்றன,
மழையில் பேருந்துக்கு நிற்பவர்களைப் போல.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று
ஹென்றிகேயின் மகன் பள்ளியில் எழுதிவிட்டு வந்தானாம்.
பிடிக்கும். சீவிய இடம்
கண் இமைப்பதற்குள் காற்றைக் குடித்து மூடிக்கொள்ளும்.
இரும்பின் துரு உதிரும், உதிர்ந்து இன்னும் தின்னும்.
இது முதல் வாயோடு கைகழுவிவிட்ட துரு.
மயிரிழையைப் பதினாயிரமாய்ப் பிளந்தால் ஒன்று,
அவ்வளவுதான் கனம்.
செம்புக்குக் களிம்பு குற்றம் என்று படித்திருக்கிறேன்;
இங்கே களிம்புதான் காவல்.

ஏழாம் எண் தகட்டை வைக்கும்போது
என் மோதிரம் உரசி ஒரு கீறல்.
பதிவேட்டில் எழுதினேன்:
"கீறல், மூன்று சென்டிமீட்டர். என் கவனக்குறைவு. சுகிர்தா."
வெட்டிய விளிம்புதான் பலவீனம் என்று
அதற்கு மட்டும் நாடா ஒட்டி
விரலால் நீவி நீவி மூடினேன்.
மூடுவதில் எனக்குக் கைராசி உண்டு.

ஆயிரம் மணி நேரம்.
நாற்பத்தொரு நாளும் ஒரு பதினாறு மணியும்.
இடையில் ஈஸ்டர் வந்து போனது,
என் கடைவாய்ப் பல் ஒன்று போனது,
ஹென்றிகே இரண்டு முறை ராஜினாமா எழுதிக் கிழித்தாள்.

பெட்டியைத் திறந்தோம்.
விளக்கைச் சாய்த்துப் பிடித்துக் கீறலைத் தேடினேன்.
இருந்தது, கொஞ்சம் மங்கலாய்.
எதுவும் அதற்கு நேரவில்லை.
பிறகு நாடாவை உரித்தேன்.

அடியில் வெண்மாவு. ஈரம்.
ஊசிமுனையாய்த் தொடங்கி
அரிசி விழும் அளவுக்குக் குழிகள்.
உப்புநீர் ஓரமாய்ப் புகுந்திருக்கிறது, காற்று புகவில்லை.
உடைந்த தோலை மறுபடி நெய்யக் காற்றுதான் நூல்;
அதை வாசலில் நிறுத்தியவள் நான்.

ஹென்றிகே எட்டிப் பார்த்தாள்:
"நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறாய்."

காரணம் என்ற கட்டத்தில்
இடுக்கு அரிப்பு என்று நிரப்பிவிட்டு
கையுறையைக் கழற்றினேன்.
பிறகு, சோப்பு போட்டுச் சுழற்றிச் சுழற்றி,
மோதிரத்தையும்.
அடியில் தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தது.
ஜன்னலைத் திறந்து
தேநீர் ஆறும்வரை
அந்த விரலை வெளியே நீட்டி வைத்திருந்தேன்.