எழுத்துக்கு ஏழு டாலர்

ஷெரீஃப் ஆட்கள் சனிக்கிழமை சுட்டுப் பழகிவிட்டுப்
பொறுக்காமல் போட்டுப்போன பித்தளை.
காபி டப்பா நிறைய அள்ளி வந்தேன்.
ரிவால்வர் தோட்டாவின் வெற்றுக் கூடுகள்.
நேராக, குட்டையாக,
கழுத்தில்லாத வாயிற்காவலன் மாதிரி.
அவற்றுக்குக் கழுத்து வைப்பதுதான்
இந்த ஜனவரிக்கு என் வேலை.

வெளியே ஓவைஹீ மலை முழுக்கப் பனி.
கராஜில் மண்ணெண்ணெய் ஹீட்டர்,
ரேடியோவில் மாட்டு விலை.

ஒரே அமுக்கில் ஒடுங்காது.
முதல் டையில் கொஞ்சம்.
அடுத்ததில் இன்னும் கொஞ்சம்.
மூன்றாவதில்தான்
பென்சிலைவிட மெல்லிய ரவைக்கு வாய் பொருந்தும்.
கம்பளிக் கொழுப்பை விரல் நுனியில் எடுத்துப்
பட்டும் படாமலும் தடவவேண்டும்.
குறைந்தால் கூடு டைக்குள் சிக்கி
வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும்.
கூடினால் தோளில் குழி விழும்,
சிரிக்கும் கன்னத்தில் விழுவதுபோல.
சுட்டால் நிமிர்ந்துவிடும் என்கிறார்கள்.
எனக்குத்தான் பார்க்கப் பொறுப்பதில்லை.

முதல் நாள் இருபது.
பதினேழு வாய் கிழிந்தன.

அமுக்க அமுக்கப் பித்தளை
உள்ளுக்குள் வைத்துக்கொண்டு இறுகுகிறது.
நான் அப்படி இருந்த வருடங்கள் எனக்குத் தெரியும்,
இப்போது அந்தக் கதை வேண்டாம்.
விளக்கை அணைத்தேன்.
அடியை விரல்களில் பிடித்து
வாயை மட்டும் நீலச் சுடரில் சுழற்றினேன்.
சிவக்க விடக் கூடாது, சிவந்தால் செத்தது.
விரல் தாங்காத நொடியில் தண்ணீர்,
சுர்.
கழுத்தோரம் மயில் நிறம் படிந்திருந்தது.
அடியில் மட்டும் பழைய முத்திரை:
முந்நூற்றைம்பத்தேழு மேக்னம்.
அது இனி உண்மையில்லை.
பித்தளைக்கு யாரும் சொல்லவில்லை.

பக்கத்து நிலத்துத் தெய்ன் ஆல்ரெட் வந்தான்,
சூரியகாந்தி விதையை மென்று தோலைத் துப்பியபடி.
கடையில் விற்கும் இருபத்திரண்டைவிட
இதில் என்ன கூடுதல்?
வேகம் கொஞ்சம் குறைவு, என்றேன்.
விலை?
மூன்று மடங்கு, என் நேரத்தைச் சேர்க்காமல்.
அப்புறம் எதற்கு?
நிஜமாகவே யோசித்துப் பார்த்தேன்.
கழுத்து, என்றேன்.

மார்ச் மாதம், நூறு கெஜம்.
மூன்று ஓட்டைகளை ஒரு கால் டாலர் காசு மூடியது.
நான்காவது தனியாகப் போயிற்று.
காற்று என்று தெய்னிடம் சொன்னேன்.
காற்றே இல்லை.

பிறகு அவன் குதிரைமசால் வயல்.
முதுகில் கோடில்லாத அணில்கள்
வளை வாசலில் எழுந்து நின்று
பக்கத்து வளையைப் பற்றிப் பேசுகின்றன.
அன்று ஆறு.
வேலிக் கம்பத்திலிருந்த பருந்து
என்னைவிடச் சரியாக எண்ணி வைத்திருந்தது.

ஹோம்டேலில் ஓரின் பிளட்சோவின் பட்டறை.
பீப்பாயில் பெயர் வெட்டாமல்
வெளியே விடமாட்டேன், என்றான்.
நீ இல்லாதபோது எவனாவது
இருபத்திரண்டுதானே என்று வேறெதையோ திணிப்பான்,
அப்புறம் அவன் முகத்தை நான்தான் கனவில் பார்க்கவேண்டும்.
எழுத்துக்கு ஏழு டாலர்.

டெல்ஃபின் இதூரி. பதினான்கு எழுத்து,
தொண்ணூற்றெட்டு டாலர்.
குடும்பப் பெயர் மட்டும் போதுமே, நாற்பத்திரண்டு.
அது என் முன்னாள் கணவன் பெயர், ஓரின்,
அவனுக்கு ஏற்கெனவே நிறையக் கொடுத்தாயிற்று.
ஊர்ப் பெயர்? ஊரில் பாதிப் பேர் சிரிப்பார்கள்.
அணில் பெயர்? அணிலுக்கு அது நியாயமில்லை.

பெஞ்சில் நின்றது
ஊருலகத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காத ஒன்று,
மேலே புதுக் கழுத்து, கீழே யாருடைய பெயரோ.

இரண்டே சொல் வெட்டு, என்றேன்.
முதலில் கேள்.

யாரிடம், என்றான்.
அதற்கும் எழுத்துக்கு ஏழா, என்றேன்.
கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு
சுத்தியலைத் தேடத் தொடங்கினான்.