படம் ஒட்டாத பெட்டி

வால்பரைசோவில் சமதரையைத்
துறைமுகமும் வங்கிகளும் எடுத்துக்கொண்டன.
எங்களுக்குக் குன்று.
வீடு வர நூற்று நாற்பத்தோரு படி.
கடையில் பளபளத்த அந்தப் பெரிய அலமாரியை
யார் சுமப்பது என்று சொல்லித்தான் வேண்டாமென்றோம்.
விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்ததை
நிவால்டோவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

புதன் சந்தை கலைகிற நேரம்
தக்காளிக்காரர் மரப்பெட்டிகளை வீசி எறிவார்.
கேட்டால் தருவார்,
கேட்காவிட்டாலும் தருவார்.
ஒரு மாதத்தில் ஏழு சேர்ந்தன.
உப்புத்தாள் போட்டு இரண்டு இரவு தேய்த்தோம்.
தப்பிய சிராய் ஒன்று
என் கட்டைவிரலில் இன்னும் வாடகையின்றி இருக்கிறது.

காஸ்பாருக்கு மூன்று வயது, எழுத்து தெரியாது.
ஆகவே படம்.
மைத்தே வரைந்தாள்:
கட்டைகளுக்கு ஒரு வீடு,
பொம்மைகளுக்கு ஒற்றைக் கண்,
காலுறைகளுக்கு ஆக்டோபஸ்.
ஏன் என்றேன்.
"எட்டுக் கால் அம்மா, அதுக்குத்தானே நிறைய வேணும்!"
அந்த வாரம் எல்லாருக்கும்
ஒரே சாம்பல் நிறத்தில் வாங்கிவிட்டேன்.
ஜோடி தேடும் தொழிலை
இந்த வீடு அத்தோடு மூடிவிட்டது.

முப்பது முட்டை அட்டையில் முப்பது குழி:
கிளிஞ்சல், கோலி, மெழுகு பென்சிலின் முனை,
எந்தச் சட்டையுடையது என்றே தெரியாத பொத்தான்.
கடைசிக் குழியில் ஒரு பால் பல்.
அதை யாரும் தொடக்கூடாது.

கதவின் பின்னால் நிவால்டோவின் பழைய ஜீன்ஸ்.
கால்கள் போய்விட்டன, பைகள் பிழைத்தன.
ஒன்றில் சாவி, ஒன்றில் தடுப்பூசி அட்டை,
சின்னப் பையில் ரொட்டிக்கான சில்லறை.

பாதிப் பொம்மைகள் கட்டிலுக்கு அடியில் உறங்கும்.
மாதம் பிறந்தால் ஆட்சி மாறும்.
போன மாதம் சீந்தாத லாரியை
வெளிநாட்டிலிருந்து வந்த மாமனைப் போலக்
கட்டிக்கொள்கிறான் காஸ்பார்.

இந்தக் குன்றில் துணிகள் கீழ்நோக்கி வளர்கின்றன.
மேல் வீட்டு எதுவீஹேஸின் மகனுக்குச் சிறுத்த கோட்டு
எங்களிடம் இறங்கும்,
எங்களிடமிருந்து முப்பது படி கீழே
இரட்டைப் பிள்ளைக்காரி யான்கோவுக்கு.
மழை நாளில் ஜன்னல் வழியே பார்த்தால்
என் மகளின் போன வருடம்
இரண்டாய்க் கைகோத்துப்
பள்ளிக்குப் போகிறது.

விடியக் காலை மூன்றேகாலுக்கு
நிலம் புரண்டு படுத்தது.
சின்ன அசைவுதான்,
இங்கே அதற்கெல்லாம் பெயர் வைப்பதில்லை.
விளக்கு ஊசலாடியது,
தகரச் சுவர் பல்லைக் கடித்தது.
மேல் வீட்டில் ஏதோ உடைந்து
எதுவீஹேஸ் யாரையோ திட்டினாள்.
எங்கள் வீட்டில்
விழுவதற்கு உயரமே இல்லை.
பெட்டிகள் தரையோடு தரையாய்
ஓரங்குலம் நகர்ந்து நின்றன.
காஸ்பார் புரளக்கூட இல்லை.

விழுந்தது ஒன்றே ஒன்று:
குளிர்பெட்டியின் தலைமேல் நான் வளர்த்த குவியல்.
எரிவாயு ரசீது, பல் டாக்டரின் தேதி,
படிக்காத கடிதம், தைக்காத கிழிசல்,
'அப்புறம்' 'அப்புறம்' என்று நான் ஏற்றிவைத்த
எல்லா அப்புறமும் ஒரே நேரத்தில்.

மைத்தே எழுந்து வந்து
வெறுங்காலோடு அதன் நடுவே நின்றாள்.
அவள் முகத்தில் நான் பார்த்தது என் முகம்,
மாலை ஆறு மணிக்கு அவர்களுக்கு நான் காட்டுவது.
"உன் பெட்டி எங்கே?"

ஏழாவது பெட்டியைக் காலி செய்து
இழுத்து வந்து வைத்தாள்.
பென்சிலை எடுத்துக்கொண்டாள்.
"இதுக்கு என்ன படம்?"

யோசித்தேன்.
துறைமுகத்தில் பாரந்தூக்கிகளின் விளக்குகள்
ஒன்றும் நடவாததுபோல் எரிந்துகொண்டிருந்தன.
அவள் கேள்வியிலேயே தூங்கிப்போனாள்,
பென்சில் கையிலேயே.

மூன்று வாரமாயிற்று.
வெற்றுத்தாள் ஒட்டியபடி இருக்கிறது.
உள்ளே ரசீது, கடிதம், கிழிசல்,
எப்படி வந்ததோ தெரியவில்லை,
சிவப்பில் ஒரு காலுறை.