அரை மிச்சம்

எவாரிஸ்தோ, கோபிக்காதே.
உன் மின்சாரத்தில் எனக்கொரு குறையுமில்லை.
பள்ளிக்கூடத்துப் பல்பு அதில்தான் எரிகிறது,
என் கெட்டில் அதில்தான் கொதிக்கிறது.
தொலைநோக்கியின் மோட்டார்தான்
உன்னை அளவுக்கு மீறி நம்பிவிட்டது.

சுரங்கத்தில் தாது நொறுக்கும் எந்திரம் கிளம்பினால்
உன் டீசல் ஒருமுறை மூச்சு வாங்கும்.
ஐம்பது நாற்பத்தொன்பதரை ஆகும்.
ஊரில் ஒருவருக்கும் தெரியாது.
மோட்டாருக்குத் தெரியும்.
நட்சத்திரக் கொத்து கண்ணாடியின் ஓரத்துக்கு ஊர்ந்து
விளிம்பு தாண்டிப் போய்விடும்.
குளிரில் வரிசை நிற்கும் பதினோரு பிள்ளைகளில்
ஆறாவதாக வந்த ரோசென்தா
வெறும் இருட்டைப் பார்த்துவிட்டு
“அழகாயிருக்கு டீச்சர்” என்பாள்.
அந்தப் பொய்யைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதனால்தான் இந்தப் படிகம்.
செத்துப்போன லாரி வயர்லெஸ் ஒன்றிலிருந்து
நானே சூடு வைத்துப் பிரித்தது.
நகத்தளவு தகரக் கூட்டுக்குள் ஒரு சில்லுக் குவார்ட்ஸ்,
வெள்ளீயம் தேடி உன் அண்ணன்கள் வெட்டி
ஓரமாய் வீசுகிறார்களே, அந்த வெள்ளைக் கல்லின் சாதி.
மின்சாரம் தொட்டால் நடுங்கும்.
நொடிக்கு நாற்பது லட்சம் தடவை.

நாற்பது லட்சம் யாருக்கு வேண்டும்?
எனக்கு வேண்டியது ஐம்பதுக்குச் சற்றே மேல்.
நீ பிசகாமல் ஐம்பது தந்தாலும் போதாது,
அது சூரியனின் ஐம்பது.
நட்சத்திரங்களோ தினமும் நான்கு நிமிடம்
முன்னதாகவே வேலைக்கு வந்துவிடுகிறவை.

ஆகவே வகுத்தேன்.
கறுப்புக் கரப்பான்களைப் போல ஐசிகளை வரிசையில் குத்தினேன்.
எண்ணுவதைத் தவிர அவற்றுக்கு வேறு பிழைப்பில்லை.
எழுபத்தொன்பதாயிரத்து எழுநூற்று எண்பத்தொன்று
நடுக்கங்களை விழுங்கி
ஒரே ஓர் அலையைத் துப்பும்,
மறுபடி பூஜ்யம்.

ஈவு கிடைத்தது. இரக்கம் கிடைக்கவில்லை.
மீதி அரை,
அரைக்கும் கொஞ்சம் கூட.
ஓர் இரவு முழுக்கச் சேர்ந்தாலும் கால் நொடி,
யார் பார்க்கப் போகிறார்கள் என்றாய்.
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நடுக்கத்தைப் பாதியாய் உடைக்க முடியாது,
ஐசிக்கு அரை தெரியாது.
மூன்று ராத்திரி அந்த அரை
பல்லிடுக்கில் சிக்கிய நாராய் இருந்தது.

கடைசியில் ஒரு தடவை எண்பத்தொன்று வரைக்கும்
அடுத்த தடவை எண்பத்திரண்டு வரைக்கும் எண்ண வைத்தேன்.
இரண்டும் தப்பு.
மாற்றி மாற்றித் தப்பினால்
தப்பு போன இடம் தெரிவதில்லை.
“நம் கல்யாணம்” என்று சிரித்தாய்.
நான் சிரிக்கவில்லை, ஸாலிடர் சூடாயிருந்தது.

ஜூன் வந்தது. பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு.
குளிரில் படிகத்துக்கும் சுதி இறங்கும்.
உன் கோகா டீ தெர்மாஸை இரண்டு நாள் தேடினாயே,
அதற்குள்தான் இருக்கிறது,
பக்கத்தில் கதகதப்புக்கு ஒரு ரெசிஸ்டருடன்.
இப்போது சொல்லிவிட்டேன்.

நேற்று பிள்ளைகள் போன பிறகு
அலைகாட்டியில் இரண்டையும் மேலும் கீழுமாய் வைத்தேன்.
என் அலை ஆணியடித்த மாதிரி நின்றது.
உன்னுடையது வலப்பக்கம் நகர்ந்துகொண்டே இருந்தது,
ஏழு நொடிக்கு ஓர் அலை, சில சமயம் வேகமாக.
நின்றதை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது?
உன்னைப் பார்த்தேன்.
ஒன்றே காலுக்கு நொறுக்கும் எந்திரம்: ஓடினாய்.
பின் வால்வை நீ திருகியிருக்க வேண்டும்: நிதானித்தாய்.
மூன்று மணிக்கு மெல்ல மெல்லத் தளர்ந்தாய்,
நாற்காலியில் உன் தலை தொங்கியிருக்கும்.

நாலரைக்கு எந்திரத்தை நிறுத்தினார்கள்.
சுமை இறங்கிய டீசல் துள்ளி
ஐம்பதைத் தாண்டிற்று.
உன் அலை நகர்வதை விட்டு
என் அலைக்கு நேர் கீழே வந்து நின்றது,
முகடுக்கு முகடு, பள்ளத்துக்குப் பள்ளம்.
எண்ணினேன், பழக்கதோஷம்.
நாலு நொடி.

பிறகு நீ கவர்னரைத் தொட்டிருப்பாய்.
உன் வேலை ஐம்பது.