கரைந்தால் உப்பு

மார்ச்சில் மூன்று முறை வெள்ளம் விட்டு
நிலத்தைக் கழுவுவார்கள் சிம்பாயில்.
ஜூனில் திரும்பி வந்துவிடும்,
கடன்காரன் மாதிரி
வாய்க்கால் ஓரம் வெள்ளையாக உட்கார்ந்துகொண்டு.

நான் எடை போடுகிறவள்.
ஆயிரம் எள் எண்ணித் தராசில் வைப்பது வேலை.
மரபணு படித்தவள் பீபிசாரா.
கருவி வாங்கும் பணம் தாஷ்கண்டிலேயே தங்கிவிட்ட வருடம்
செடிக்கு ஓர் இலை கிள்ளி
நாக்கில் வைத்துப் பார்த்தோம்.
கரித்தால் அது சாகும்.
கரிக்காவிட்டால்
வேரிலேயே யாரோ நின்று
சோடியத்தை மறிக்கிறார்கள்.
முன்னூற்றுப் பன்னிரண்டு செடி.
மாலையில் தேநீரும் கரித்தது.

நான்கில் மூன்று பங்கு பிழைத்தன,
அவள் தாளில் போட்டிருந்த கணக்குப்படியே.
ஆனால் காய்?
கணுவுக்கு ஒன்று. அதிலும் பாதி பதர்.
காட்டு எள்ளிடம் வாங்கிய குணம்
தனியாக வரவில்லை.
கட்டிய பெண்ணோடு மச்சானும் வந்து தங்குவதுபோல்
அதே இழையில் பக்கத்து மணியையும்
இழுத்து வந்திருந்தது.
தெற்கிலிருந்து வந்த மற்றப் பெற்றோரோ
எள் என்பதற்குள் எண்ணெயாய் நிற்கும் ரகம்;
இந்த மண்ணில்
முழங்கால் உயரத்தில் கருகிப்போனது.

கோனிஸ்பாய் வந்து பார்த்தார்.
"உயிரோடு இருக்கிறது, சரி.
நானும்தான் இருக்கிறேன்.
செக்குக்கு என்ன தருவாய்?"

பீபிசாரா பதில் சொல்லவில்லை.
குச்சிகளில் கட்டிய எண்களூடே
திரும்ப நடந்தாள்.
நூற்றுப் பதினெட்டில் நின்றாள்.
இலை கரிக்கவில்லை.
கணுவுக்கு மூன்று காய்.
எங்கோ ஒரு பூவுக்குள், யாரும் பார்க்காதபோது
இழை அறுந்து
இடம் மாறிக் கட்டிக்கொண்டிருக்கிறது.

பை கட்ட நாளைக்கு என்றோம்.

அன்றிரவு வற்றிய கடலின் தரையிலிருந்து காற்று.
விடியும்போது காய்கள் வாய் பிளந்து நின்றன.
வெள்ளை எள், வெள்ளைப் பொருக்கு.
மண்டியிட்டு ஒவ்வொரு மணியாய்
மறுபடி நாக்கில் வைத்தோம்.
கரைந்தால் உப்பு.
கரையாவிட்டால் துப்பிச் சேர்.
கோனிஸ்பாயும் தொப்பியைக் கழற்றிக் குனிந்தார்.
ஒன்றை விழுங்கிவிட்டதாக
மதியம் ஒப்புக்கொண்டார்.

நாற்பத்தொன்று.
ஆயிரத்துக்குக் குறைந்தால் என் பேரேட்டில் கட்டமே இல்லை.
பீபிசாரா உறையை மூடாமல்
மேலே எழுதினாள்:
118. ஈரம். நிழலில் உலர்த்தவும்.