ரேகை கிடைக்கவில்லை

அக்டோபர் காற்றுக்குப் பயந்து
தெருமுனைகளில் கயிறு கட்டியிருக்கிறது நகராட்சி.
புந்தா அரேனாஸில் அதைப் பிடித்துக்கொண்டுதான்
சாலையைக் கடக்கவேண்டும்.
நெல்டா கார்காமோ கடந்து வருவது எட்டு ஐம்பதுக்கு.
கணினிக்கூடத்தை நான் பூட்டுவது பத்துக்கு.
இடையில் இருக்கும் எழுபது நிமிடம்தான்
அவளுடைய கல்லூரி.

மார்ச்சில் புது விதி வந்தது.
கடவுச்சொல்லை இரவல் கொடுக்கிறார்களாம்,
இனி விரலை வை.
முப்பத்தொரு பக்கம், கடைசியில் ஒரு சின்னச் சதுரம்:
'படித்தேன், புரிந்துகொண்டேன், ஒப்புக்கொள்கிறேன்.'
படிக்காமலே புரிந்துகொண்டு
புரியாமலே ஒப்புக்கொண்டேன்.
விதியைக் காவல் காக்க எனக்கு மணிக்கூலி.

மார்ச்சில் அந்தக் கண்ணாடிக்கு அவளைத் தெரிந்திருந்தது.
தொட்டதும் பச்சை.
ஜூலையில் ராஜ நண்டுப் பருவம் தொடங்கியது.
ஆகஸ்டு பாதியில் அவளை மறந்துவிட்டது.

'ரேகை கிடைக்கவில்லை.'
துடைத்துவிட்டு வை என்றேன்.
கிடைக்கவில்லை.
வாயால் ஊதிவிட்டு வை.
கிடைக்கவில்லை.
இடது கை, மோதிர விரல், சுண்டுவிரல்.
பத்தும் தீர்ந்தபின்
"பூட்ஸைக் கழற்றட்டுமா?" என்றாள்.
வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், அவளும்.

எழுதத் தெரியாதவரைக் கைநாட்டு என்பார்கள்.
இவள் இரண்டாம் ஆண்டுக் கணக்கியல்,
ஐந்து நிறத்தில் பேனா வைத்திருக்கிறாள்,
கைநாட்டு வைக்கத் தெரியவில்லை.

விரல்களை விளக்கடியில் காட்டினாள்.
பாதி கரைந்த சோப்பு வில்லை மாதிரி வழவழப்பு.
முள் ஓடு, உப்புத் தண்ணீர்,
இரண்டாம் மணியிலேயே கிழிந்துவிடும் கையுறை.
சுகாதார நிலையச் செவிலி சொன்னாளாம்:
மூன்று வாரம் வேலைக்குப் போகாதே, தானாக முளைக்கும்.
மூன்று வாரம் போகாவிட்டால்
கல்லூரிக் கட்டணம் முளைக்குமா என்று
இவள் கேட்கவில்லையாம்.
செவிலியின் மேசையிலும் வரிசை நீளம்.

புகார்ப் படிவம் நிரப்பினேன்.
காரணம்: ஈரம், அழுக்கு, காயம், மற்றவை.
மற்றவையில் 'நண்டு' என்று எழுதினேன்.
பதினைந்து வேலைநாள் கழித்து
சான்டியாகோவிலிருந்து பதில்:
தெளிவாக எழுதவும்.
தெளிவாக எழுதினேன்:
'ஒரு நாளைக்கு நானூறு நண்டு.'
அதற்கு இன்னும் பதில் இல்லை.

அதற்குப் பிறகுதான் என் விரலை வைத்தேன்.
ஏழாம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு:
ஒருவர் அனுமதியில் மற்றவர் நுழைவது திருட்டுக்குச் சமம்.
பிறகு போய்ப் படித்துப் பார்த்தேன்,
நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது.

நேற்று மின்னஞ்சல் வந்தது.
'திரு. யுரே குஸ்மனிச்,
பதினொரு இரவுகளில் தாங்கள்
நான்காம் கணினியிலும் ஒன்பதாம் கணினியிலும்
ஒரே நேரத்தில் இருந்திருக்கிறீர்கள்.
இது எப்படிச் சாத்தியம் என விளக்கவும்.'
ஒன்பதில் இருந்த நான்
தேய்மானக் கணக்குப் போட்டேன்,
இயந்திரம் எத்தனை ஆண்டில் எவ்வளவு தேயும் என்று.
நான்கில் இருந்த நான் கால்பந்து பார்த்தேன்.
இப்படி விளக்கினால் வேலை போகும்.
விளக்காவிட்டாலும் போகும், கொஞ்சம் தாமதமாக.

நெல்டாவிடம் சொல்லவில்லை.
அவள் வேறு கணக்கில் இருக்கிறாள்:
நவம்பர் முப்பதோடு பருவம் முடிகிறது,
தேர்வு டிசம்பர் நான்கு.
நான்கு நாளில் எத்தனை கோடு வரும்?
ஒரு விரலுக்கு வந்தால் போதும் என்கிறாள்.

ஜன்னலில் ஆவி படிந்திருந்தது.
பெருவிரலை அழுத்தி எடுத்துப் பார்த்தாள்.
கோடே இல்லாத சின்ன முட்டை வடிவம்.
அதன் வழியே துறைமுகத்தில் ஒரு கப்பல் விளக்கு
தெளிவாகத் தெரிந்தது.

பத்தாக ஆறு நிமிடம்.
திரை அணையப் பார்த்தது.
எழுந்து போய்
என் விரலை வைத்தேன்.